அந்தப் பழைய பள்ளிக்கூடம் எங்கே போனது?

சில மாதங்களுக்கு முன்னர், இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் ஓர் ஊரின் பங்கு மண்டபத்தில் இளைஞர்களுக்காக ஓர் ஆங்கிலப் படத்தைக் காட்டினோம். ‘றிமெம்பர் த ரைற்றன்ஸ்’ என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவிலே, வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் சேர்க்கப்பட்டு, முதலில் அடிபட்டு, பின்னர் ஒரே அணியாக விளையாடி வெற்றி பெற்ற கதை. படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேரப்பிள்ளையோடு பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். வெளியே வந்த பின் எம்மைத் தனியே அழைத்தார்.

“சுவாமி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கறுத்தப் பிள்ளையளுக்கெண்டு முந்தி ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கும்தானே? அது எங்கை போச்சு?”

அவர் ஏன் கேட்டார் என்பது எமக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டில் செம்மண் தோட்டத்தையும் வெங்காயத்தையும் விட்டு வெளியேறியவர் அவர். அவருடைய ஊர்ப் பாடசாலையும் அவரோடு இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகள் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் பிற்பகலில் நடந்தது. பின்னர் அதே வளவின் ஒரு மூலையில் இரண்டு கொட்டகைகள் கிடைத்தன. இப்போது பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டதால் இரண்டையும் ஒன்றாக்கலாமா என்ற பேச்சு நடக்கிறது. ஒன்றாக்கினால் நல்ல ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் கிடைக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தோம்.

ஆற்றுக்கு அப்பால் படிக்கப் போனவர்கள்

படத்தில் வரும் பாடசாலை வேர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாந்திரியா நகரில் உள்ளது. பொற்றோமக் ஆற்றின் ஒரு கரையில் தலைநகர் வாஷிங்டன். மறுகரையில் சற்றுத் தெற்கே அலெக்சாந்திரியா. இன்று அது தலைநகரின் புறநகர். அரச அலுவலர்கள் வீடு வாங்கிக் குடியிருக்கும் இடம். ஆனால் 1749ஆம் ஆண்டில் அது தொடங்கியது புகையிலைத் துறைமுகமாக என்பதை எமது தோட்டக்காரர் அறிந்தால் புன்னகைப்பார்கள். அந்தப் புகையிலையை நட்டவர்களும் வெட்டியவர்களும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளை வாங்கித் தெற்கே அனுப்பும் பெரிய வியாபாரமும் இந்த நகரில் நடந்தது. அடிமை முறை 1865இல் ஒழிந்தது. பள்ளிக்கூடங்களோ வெள்ளையருக்கு வேறு, கறுப்பினத்தவருக்கு வேறு என்றே நீடித்தன.

அந்த நாட்டில் அரச பாடசாலையில் 12ஆம் வகுப்பு வரை கட்டணமில்லை. ஆனால் எமது நாட்டைப்போல ஆசிரியரின் சம்பளம் முழுவதும் அரசாங்கத் திறைசேரியிலிருந்து வருவதில்லை. பாடசாலைச் செலவில் பெரும் பங்கை அந்தந்த ஊரே வீடு வளவுக்கு விதிக்கும் வரியிலிருந்து கொடுக்கின்றது. விலைகூடிய வீடுகள் உள்ள ஊரில் பாடசாலையும் நன்றாக இருக்கும். ஆகவே எந்தப் பிள்ளை எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம் என்பது அங்கே பணத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

1920ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பார்க்கர்-கிறே பாடசாலை திறக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளின் பழைய பாடசாலைக்கு அதிபராயிருந்த ஜோன் பார்க்கர், பெண் பிள்ளைகளின் பாடசாலைக்கு அதிபராயிருந்த சேரா கிறே ஆகிய இருவரின் பெயர்களும் அதற்கு வைக்கப்பட்டன. ஆனால் அங்கே கீழ் வகுப்புகள் மட்டுமே இருந்தன. மேலே படிக்க விரும்பிய பிள்ளை ஆற்றைக் கடந்து வாஷிங்டனுக்குப் போகவேண்டும். சாமுவேல் ரக்கர் என்பவர் அவ்வாறு போய்ப் படித்து வழக்கறிஞரானார். 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் ஒழுங்கு செய்தபடி ஐந்து கறுப்பின இளைஞர்கள் நகர நூலகத்துக்குள் போய் அங்கத்துவம் கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துத் தனித்தனி மேசைகளில் அமர்ந்து அமைதியாக வாசித்தார்கள். பொலிஸார் அவர்களைப் பிடித்துச் சென்றனர். நகரசபை அடுத்த ஆண்டு கறுப்பினத்தவருக்கென்று சிறிய நூலகமொன்றைக் கட்டிக்கொடுத்தது. ரக்கர் அதன் அங்கத்துவ அட்டையை வாங்க மறுத்துவிட்டார்.

பார்க்கர்-கிறேயில் மேல் வகுப்புகள் 1932இல் சேர்க்கப்பட்டன. 1950இல் புதிய உயர்நிலைப் பாடசாலைக் கட்டடமும் கிடைத்தது. அதே 1950இல், அப்பாடசாலையின் பழைய மாணவர் ஏர்ள் லொயிட் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கப் போட்டியொன்றில் இறங்கினார். அச்சங்கத்தின் போட்டியில் விளையாடிய முதலாவது கறுப்பினத்தவர் அவரே. வசதி குறைந்த ஒரு பாடசாலை, தன் பிள்ளைகளுக்குத் தானே எல்லாமாக நின்று ஆளாக்கிவிட்ட காலம் அது. அங்கே ஆசிரியரும் பெற்றோரும் ஒரே கோவிலில் ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிற அயலவர்கள். இந்த நெருக்கம் எத்தகையது என்பதை இடம்பெயர்ந்த பாடசாலைகளை அறிந்த எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

சமையல்காரத் தாயும் கல்விப் பணிப்பாளரும்

1954ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், நிறத்தின்படி பாடசாலைகளைப் பிரிப்பது சட்டத்துக்கு முரண் என்று தீர்த்தது. வேர்ஜீனியா அதற்கு அடங்கவில்லை. அம்மாநிலத்தின் பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டம், பிள்ளைகளை ஒன்றாகப் படிக்கவைப்பதைவிட அரச பாடசாலைகளை மூடிவிடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் மூடி வைத்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஐந்து ஆண்டுகளும் படிப்பே இல்லை.

அலெக்சாந்திரியாவின் கல்விப் பணிப்பாளராக அப்போது இருந்தவர் தோமஸ் சேம்பிளிஸ் வில்லியம்ஸ். பாடசாலைகள் பிரிந்தே இருக்கவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1958இல், கறுப்பினப் பாடசாலையொன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்த ஒரு தாய், தம் பிள்ளைகளை வெள்ளையர் பாடசாலையில் சேர்க்கக் கோரிய வழக்கில் தாமும் ஒருவராகச் சேர்ந்தார். வில்லியம்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கினார். ஆயினும் வழக்கு நின்றுபோகவில்லை. 1959ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி, ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் நகரின் வெள்ளையர் பாடசாலைகளுக்குள் நடந்து போனார்கள்.

1965இல் நகரம் புதிய உயர்நிலைப் பாடசாலையொன்றைத் திறந்தது. ஓய்வுபெற்றுவிட்ட அந்தப் பணிப்பாளரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ரீ.சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பாடசாலை. அதே 1965இல் பார்க்கர்-கிறேயின் உயர்நிலை வகுப்புகள் மூடப்பட்டன.

படம் இதைச் சொல்லவில்லை. 1971இல்தான் இரு நிறத்தாரும் முதன்முதலில் ஒன்றானார்கள் என்று பார்ப்பவர் எண்ணும்படி காட்டுகிறது. உண்மையில் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் பாடசாலையை இழந்து மற்றவர்களுடைய பாடசாலைகளுக்குப் போய்விட்டார்கள். தெற்கு மாநிலங்கள் எங்கும் இதுவே நடந்தது. ஒன்றாக்கும்போது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பாடசாலைகள். அவற்றின் அதிபர்கள் உதவியாளர்களாக இறக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். தீர்ப்பு நீதியானது, அதை நடத்திய விதத்தில் விலை கொடுத்தவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமே.

மூன்று அணிகள், ஒரு பேருந்து

1971இல் நகரில் மூன்று உயர்நிலைப் பாடசாலைகள் இருந்தன. அவற்றுள் ஹமண்ட் பாடசாலையில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். மத்திய அரசின் நெருக்குதலால் நகரக் கல்விச் சபை ஒரு திட்டம் வகுத்தது. நகரின் 11ஆம், 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ரீ.சி. வில்லியம்ஸுக்கு, 9ஆம், 10ஆம் வகுப்பினர் மற்ற இரண்டு கட்டடங்களுக்கும். ஒருவரும் தம் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. முந்திய ஆண்டு ஒரு கறுப்பின இளைஞன் கடையொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டு, நகரில் கலவரம் மூண்டிருந்தது. அந்தச் சூடு ஆறவில்லை.

மூன்று பாடசாலைகளுக்கும் மூன்று அணிகள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று பையன்கள். தலைமைப் பயிற்றுநர் பதவியோ ஒன்றே. அது ஹேர்மன் பூன் என்ற கறுப்பினத்தவருக்குக் கொடுக்கப்பட்டது. வட கரோலினாவில் அவர் பயிற்றுவித்த கறுப்பினப் பாடசாலை வெள்ளையர் பாடசாலையோடு இணைக்கப்பட்டபோது, கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரை ஊர் ஏற்காது என்று சொல்லப்பட்டு அங்கிருந்து வந்தவர் அவர். அலெக்சாந்திரியாவில் பலரும் எதிர்பார்த்தது ஹமண்டின் வெற்றிகரமான வெள்ளையினப் பயிற்றுநர் பில் யோஸ்ற்றை. யோஸ்ற் விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. தம்மைவிட அனுபவம் குறைந்தவர் எனப் பலர் கருதிய ஒருவரின் கீழ் உதவியாளராக நின்றார். படத்தில் பூனாக நடித்த டென்சல் வாஷிங்டனையே எமது பையன்கள் பேசிக்கொண்டார்கள். எமக்கு யோஸ்ற்றின் அந்த முடிவு பெரிதாகப் படுகின்றது. எமது இரண்டு பாடசாலைகள் ஒன்றாகும்போதும் இரண்டு அதிபர்களில் ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டிவரும்.

அமெரிக்க உதைபந்தாட்டம் எமது உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடவும் எறியவும் வேண்டும். பந்து தம்மிடம் இருக்கும்போது இறங்கும் 11 பேர் வேறு. எதிரியைத் தடுக்க இறங்கும் 11 பேர் வேறு. பூன் இந்த ஒழுங்கையே பயன்படுத்தினார். ஓகஸ்ட் மாதம் பயிற்சிக்காகக் கெற்றிஸ்பேர்க் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, பேருந்துகளில் நிறத்தின்படி ஏறிய பையன்களை இறக்கி, தாக்குபவர்கள் ஒன்றில், தடுப்பவர்கள் மற்றதில் என ஏற்றினார். தங்கும் அறைகளிலும் இரு நிறத்தாரையும் கலந்தே விட்டார். கெற்றிஸ்பேர்க், 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சமர் நடந்த ஊர்.

அந்தப் பருவத்தில் ரைற்றன்ஸ் 13 போட்டிகளில் ஆடி 13இலும் வென்றது. டிசெம்பர் மாதம் மாநில இறுதிப் போட்டியில் அன்ட்ரூ லூவிஸ் பாடசாலையை 27–0 என்று வென்றது. படத்தில் கடைசி நொடிவரை இழுபறி; உண்மையில் அது ஒருபக்க ஆட்டம். அணித் தலைவர்களில் ஒருவரான ஜெரி பேர்ற்றியர் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்ததும் இறுதிப் போட்டிக்கு முன்னர் அன்று, சில நாட்களின் பின்னர். அதன் பின்னும் அந்த இளைஞர் சக்கர நாற்காலி விளையாட்டுகளில் குண்டெறிந்து பதக்கம் வென்றார். 1981இல் இன்னொரு வாகன விபத்தில் இறந்தார். பாடசாலையின் உள்ளக விளையாட்டரங்கு அவருடைய பெயரைத் தாங்குகிறது. படத்தில் அவருக்கு நண்பனாக வரும் ஜூலியஸ் கம்பலும் பூனும் யோஸ்ற்றும் ஒரே ஆண்டில், 2019இல் காலமானார்கள்.

வகுப்பறையில் நடந்தது

மைதானத்தில் ஒன்றாவது ஒரு பருவத்தில் முடிந்தது. வகுப்பறை அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. ஒரே வாசலால் நுழைந்த பிள்ளைகள் உள்ளே போனதும் பிரிந்தார்கள். உயர்தரமான பாடங்களில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையினப் பிள்ளைகள். சாதாரண வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகளும், பின்னர் குடியேறியவர்களின் பிள்ளைகளும். ஒரு பக்கம் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். மறுபக்கம் வாசிப்பிலும் கணிதத்திலும் தேறாமல் நிற்கிறார்கள். 2010ஆம் ஆண்டில், தொடர்ந்து மிகக் குறைந்த பெறுபேறு பெறும் பாடசாலைகளுள் ஒன்று என இப்பாடசாலை அதிகாரபூர்வமாகப் பட்டியலிடப்பட்டது. 2007இல்தான் பெருஞ்செலவில் புதிய கட்டடம் திறந்திருந்தார்கள். அயலிலுள்ளவர்கள் அதிர்ந்து போனார்கள். சராசரியைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்கள், பின்வாங்கில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

அந்தப் பின்வாங்குப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எமது வாசகர்களுக்கு உறவினர் போன்றவர்கள். எல் சல்வடோர் நாட்டில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டதை எமது மக்கள் அறிவார்கள். 2018இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தப் போரில் நிலத்தை விட்டு ஓடிய பலர் அலெக்சாந்திரியாவின் ஒரு பகுதியில் வந்து குடியேறினார்கள். அவர்களுள் அநேகர் சிரிலாகுவா என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். தாம் குடியேறிய பகுதியையும் அவர்கள் சிரிலாகுவா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். இன்றும் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. பின்னர் எத்தியோப்பியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் குடும்பங்கள் வந்தன.

இவர்களின் பிள்ளைகளுக்காக 2012ஆம் ஆண்டில் பாடசாலைக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பதினாறு பதினேழு வயதில், ஆங்கிலம் தெரியாமல், இடையில் படிப்பு அறுந்து வரும் பிள்ளைக்கு முதலில் மொழி, பிறகு பாடம் என்று வைத்தால் வயது கடந்துவிடும். ஆகவே விஞ்ஞானமும் கணிதமும் வரலாறும் படிக்கும்போதே அதனூடாக மொழியையும் கற்பிக்கிறார்கள். வெவ்வேறு தாய்மொழிப் பிள்ளைகளை ஒரு மேசையில் அமர்த்தி, ஒரு வேலையைச் சேர்ந்து செய்யவிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்த வேண்டிவருவதால் மொழி வாயில் வருகிறது. இந்த முறையை எமது ஆசிரியர்கள் கவனிக்கலாம். இடம்பெயர்வில் இரண்டு ஆண்டுகளை இழந்த பிள்ளையைச் சிறிய பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் இருத்துவதைத் தவிர வேறு வழி அறியாதிருந்த காலம் எமக்கும் இருந்தது. கூச்சத்தினாலேயே படிப்பை விட்ட பையன்கள் எத்தனை பேர்!

விளையாட்டு இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. 2008இல் கூடைப்பந்தாட்டத்தில் மாநில வெற்றி. பொற்றோமக் ஆற்றங்கரையில் படகோட்டத்துக்கென்று தனிப் படகுவீடு. ஓர் அரச பாடசாலைக்கு இது அரிது. எல்லோரிலும் மேலாக நோவா லைல்ஸ் என்ற மெய்வல்லுநர், 2016இல் அங்கிருந்து வெளியேறியவர். சிறு வயது முதல் தொய்வு நோய்க்காரர். எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதிலும் அவருக்கு இடர்ப்பாடு இருந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கு.

பெயர் மாறியது

ரைற்றன்ஸ் வீரர்களான கறுப்பினப் பையன்கள், தம் இனத்துத் தாயொருவரின் சோற்றில் கைவைத்த மனிதரின் பெயருக்காகத்தான் அத்தனை போட்டிகளையும் வென்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர் வாசலில் இருந்தது. மாற்றுமாறு பலமுறை கேட்கப்பட்டது. 2020 நவம்பரில் கல்விச் சபை ஏகமனதாக இணங்கியது. 2021 ஜூலை 1 முதல் அது அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பாடசாலை. 4,000க்கு மேற்பட்ட மாணவர்களுடன் வேர்ஜீனியாவின் மிகப் பெரிய உயர்நிலைப் பாடசாலையாக விளங்குகிறது. ரைற்றன்ஸ் என்ற பட்டப்பெயரை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

முதியவரின் கேள்விக்கு வருவோம். பார்க்கர்-கிறேயின் கட்டடம் 1965இன் பின் நடுநிலைப் பாடசாலையாக இயங்கி, 1979இல் அதுவும் மூடப்பட்டது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. பழைய மாணவர்கள் சங்கமாகக் கூடி நினைவைக் காத்தார்கள். ரக்கர் அட்டை வாங்க மறுத்த அந்தச் சிறிய நூலகம் இன்று நகரின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். அயலிலுள்ள குடியிருப்புப் பகுதிக்குப் பார்க்கர்-கிறே என்று பெயர். ரைற்றன்ஸ் விளையாடும் மைதானத்துக்கும் பார்க்கர்-கிறே என்றே பெயர்.

இவற்றையெல்லாம் சென்ற மாதம் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் பேரை வைச்சிருக்கினம்” என்றார். பிறகு, “சேருறதுக்கு நான் மாட்டனெண்டு சொல்லேல்லை சுவாமி. பேரப்பிள்ளைக்குக் கணக்கு வாத்தியார் வேணும். ஆனா எங்கட பள்ளிக்கூடத்தின்ர சேர்விடாப்பு ஒரு தகரப்பெட்டிக்குள்ள கிடக்கு. தொண்ணூறாம் ஆண்டு நான்தான் அதைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வந்தனான். என்ர அப்பற்ற பேரும் அதிலை இருக்கு. ரெண்டையும் ஒண்டாக்கினா அதை எங்கை வைப்பினம் எண்டு கூட்டத்தில கேளுங்கோ.”

“நீங்களே எழும்பிக் கேளுங்கோ, ஐயா. நாங்களும் பக்கத்திலை இருக்கிறம்” என்றோம்.

பெற்றோர் கூட்டம் வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.